வெளிநாட்டு ஹேக்கர் உள்ள வந்தா தடுக்கவேண்டியது அரசாங்கமா, நாமளா?

தண்ணிலைன்:

மக்களே, ஒரு பஞ்சாயத்து, உங்க கருத்து வேணும். நான் ஒரு சின்ன குடிநீர் சப்ளை நிறுவனத்துல நெட்வொர்க் பாக்குறேன். ஐடி டிபார்ட்மென்ட்னு சொன்னா நானும் இன்னொரு பையனும்தான், பிரிண்டர்ல பேப்பர் சிக்குனாலும் எங்களத்தான் கூப்பிடுவாங்க, பம்ப் ஸ்டேஷன் ஸ்கிரீன் தொங்கினாலும் எங்களத்தான் கூப்பிடுவாங்க. ஆபீஸ் நெட்வொர்க்கும் பம்ப ஓட்டுற கண்ட்ரோல் நெட்வொர்க்கும் இப்ப ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு, அத தனித்தனியா பிரிக்கணும், வெளிய இருந்து லாகின் பண்றவங்களுக்கு பாஸ்வேர்ட் போக ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பு வைக்கணும், நெட்வொர்க் வாசல்ல காவல் நிக்கற ஃபயர்வால், அதுக்கும் ஆயுசு முடிஞ்சிருச்சு, அத மாத்தணும்னு ஒரு பட்ஜெட் போட்டு போர்டு மீட்டிங்குக்கு கொண்டு போனேன்.

அதுல ஒரு மெம்பர், வயசுல பெரியவர், விவரமான மனுஷன்தான், ஒரே கேள்வில என்னை உட்கார வச்சிட்டாரு. "தம்பி, நீங்க காட்டுற உதாரணம் எல்லாமே ரஷ்யா சைனா ஈரான்னு வேற நாட்டுக்காரன் அடிச்சது, ஏவுகணை வந்தா நாமளா சுட்டு வீழ்த்துறோம், அதுக்குத்தான ராணுவம் இருக்கு, வரி கட்டுறோம், இத மட்டும் ஏன் தண்ணி விக்கிற நம்ம தலையில கட்டுறீங்க"ன்னாரு. எனக்கு சட்டுனு பதில் வரல. யோசிச்சு பாத்தா அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கற மாதிரிதான் தோணுது. அடுத்த மீட்டிங்ல மறுபடி இது வரும். மத்த நாடுகள்ல இத எப்படி பாக்குறாங்க, அவருக்கு நேர்மையா என்ன பதில் சொல்லலாம்? சும்மா பயமுறுத்தி காசு வாங்கற மாதிரி இருக்கக்கூடாது, அது மட்டும்தான் என் கண்டிஷன்.


ராத்திரி ஷிஃப்ட்:

பெரியவர் கேட்டது கேக்கவேண்டிய கேள்விதான் ப்ரோ, ஆனா ஏவுகணை உதாரணம் ஒரு இடத்துல உடையுது. ஏவுகணை எல்லைய தாண்டி வரும்போது ரேடார்ல தெரியும். ஹேக்கர் உங்க ஊழியரோட யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு உள்ள வருவான், அது உங்க ஆளா அவனான்னு தெரிஞ்சுக்கற வாய்ப்பு உலகத்துலயே உங்களுக்கு மட்டும்தான் இருக்கு. நான் மானிட்டரிங் வேலைல இருக்கேன், நைட்டு ரெண்டு மணிக்கு அக்கவுண்ட்ஸ்காரர் எதுக்கு சர்வர்ல நுழையறாருன்னு உங்க ஆபீஸ்ல இருக்கறவனுக்கு உறுத்தும், எந்த ராணுவத்துக்கும் உறுத்தாது.

சோலார்விண்ட்ஸ் விவகாரத்தையே எடுத்துக்கங்க. அந்த கம்பெனியோட சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குள்ளயே ஹேக்கருங்க கதவு வச்சு அனுப்பிட்டாங்க, 18,000 வரைக்கும் கஸ்டமர்கள் அந்த அப்டேட்ட இறக்கியிருக்காங்க, அமெரிக்க நிதித்துறை, வணிகத்துறை, உள்நாட்டு பாதுகாப்புத் துறைன்னு உள்ள புகுந்துட்டாங்க, பின்னாடி இருந்தது ரஷ்ய உளவுத்துறைன்னு அப்புறம் அமெரிக்காவே சொல்லுச்சு. 2020 டிசம்பர்ல அத கண்டுபிடிச்சது யாரு? உலகத்துலயே பெரிய உளவு அமைப்பு வச்சிருக்கற அரசாங்கம் இல்ல, ஃபயர்ஐ-ன்னு ஒரு தனியார் கம்பெனி. அதுவும் எப்படின்னா, அவங்க ஊழியர் ஒருத்தர் பேர்ல லாகினுக்கு புதுசா ஒரு ஃபோன் பதிவாகியிருக்கு, இது நீங்கதானான்னு அவர கேட்டிருக்காங்க, நான் இல்லையேன்னுட்டாரு, அந்த நூல புடிச்சுதான் மொத்தமும் வெளிய வந்துச்சு.

இன்னொண்ணு, எல்லைன்னு சொல்றாரே, அந்த எல்லை எங்க இருக்கு? சோலார்விண்ட்ஸ் வழியா புகுந்த ஹேக்கருங்க அமெரிக்காவுக்குள்ளயே சர்வர் வாடகைக்கு எடுத்து அதுல இருந்து வந்தாங்க. சைனாவோட வோல்ட் டைஃபூன் கும்பல் சின்ன ஆபீஸ்கள்லயும் வீடுகள்லயும் கிடந்த பழைய சிஸ்கோ, நெட்கியர் ரூட்டர்கள புடிச்சு அது வழியா போனாங்க. அதாவது உங்க வாசலுக்கு வரும்போது அவன் வெளிநாட்டுக்காரனாவே தெரியமாட்டான், பக்கத்து தெரு இணைப்பா தெரிவான். அரசாங்கமே எல்லாத்தையும் தடுக்கணும்னா நாட்டுக்குள்ள இன்டர்நெட்ல ஓடுற ஒவ்வொரு தகவல் துண்டையும் அரசாங்கம் பிரிச்சு பாக்கணும். பெரியவருக்கு அது சம்மதமான்னு முதல்ல கேளுங்க.


கோபக்காரன்:

மேல சொன்னது எல்லாம் கேக்க நல்லா இருக்கு, ஆனா நான் பெரியவர் பக்கம். ரெண்டு பேர் டீம், அதுல ஒருத்தன் பிரிண்டர் பாக்க போயிட்டான், எதிர்ல சம்பளம் வாங்கிட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்து யோசிக்கற ஒரு நாட்டோட உளவுப் பிரிவு. இதுல "உன் பொறுப்பு"ன்னு சொல்றது நியாயமா? 2024 பிப்ரவரில அமெரிக்காவே வெளியிட்ட எச்சரிக்கைல சொல்லியிருக்காங்க, வோல்ட் டைஃபூன் சில நெட்வொர்க்குகள்ல குறைஞ்சது அஞ்சு வருஷமா உள்ளயே இருந்திருக்கான், தண்ணி, கரண்ட், போக்குவரத்து, தொலைத்தொடர்பு எல்லாத்துலயும். தகவல் திருடறது அவன் நோக்கமே இல்ல, சண்டைன்னு வந்தா அப்ப அணைக்கறதுக்காக உட்கார்ந்திருக்கான். இது போர் தயாரிப்புதான், போருக்கு தயாராகற எதிரிய தண்ணி கம்பெனி சமாளிக்கணுமா?

அதைவிட எரிச்சல் என்னன்னா ஆயுதத்தையே அரசாங்கம்தான் செஞ்சு வைக்குது. விண்டோஸ்ல இருக்கற ஒரு ஓட்டை வழியா உள்ள புகற எடர்னல்ப்ளூங்கற ஆயுதம் யாரோடது? அமெரிக்காவோட உளவு அமைப்பு என்எஸ்ஏ கண்டுபிடிச்சு மைக்ரோசாஃப்ட்டுக்கு சொல்லாம வருஷக்கணக்கா கைல வச்சிருந்தது. அது லீக் ஆச்சு, 2017 மே மாசம் அத வச்சு வானாக்ரைன்னு ஒரு வைரஸ், 150 நாட்டுக்கு மேல, இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள் முடங்கி கிட்டத்தட்ட 19,000 அப்பாயின்ட்மென்ட் ரத்து. அதுல ஒண்ணரை மாசம் கழிச்சு நாட்பெட்யான்னு இன்னொரு வைரஸ். ஓட்டைய ஒளிச்சு வச்சது ஒரு அரசாங்கம், அத எடுத்து வீசினது இன்னொரு அரசாங்கம், நடுவுல "ஓட்டைய அடைக்கற அப்டேட், அந்த பேட்ச நீ ஏன்பா போடல"ன்னு ஆஸ்பத்திரிக்காரன கேக்கறாங்க. நல்லா இருக்கு நியாயம்.


ராத்திரி ஷிஃப்ட்:

ஒளிச்சு வச்சது தப்புன்றதுல எனக்கும் மாற்றுக்கருத்து இல்ல. ஆனா பேட்ச் மார்ச் மாசமே வந்திருச்சு, வானாக்ரை மே 12. ரெண்டு மாசம் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசத்துல போட்டவன் தப்பிச்சான், எதிர்ல நின்னது எந்த நாடா இருந்தாலும்.

"நாட்டோட உளவுப் பிரிவுகூட நாங்க எப்படி மோதறது"ன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அந்த உளவுப் பிரிவு உள்ள வந்த வழிய பாத்தா சப்புனு இருக்கும். கலோனியல் பைப்லைன் 2021, அது அரசாங்கம் இல்ல, டார்க்சைட்ங்கற கிரிமினல் கும்பல், இருந்தாலும் சொல்றேன், வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்றதுக்கான விபிஎன்ல யாரும் பயன்படுத்தாம விட்டுப்போன ஒரு அக்கவுண்ட், வெறும் பாஸ்வேர்ட் மட்டும், ரெண்டாவது சரிபார்ப்பு கிடையாது. அமெரிக்க கிழக்கு கடற்கரைக்கு போற எரிபொருள்ல ஏறக்குறைய பாதி அந்த பைப்ல போகுது. அந்த கும்பலுக்கு பிணைத்தொகையா 44 லட்சம் டாலர் கட்டினாங்க. தீயணைப்பு வண்டிய அரசாங்கம் அனுப்பும், வயரிங்க கட்டடக்காரன்தான் பாக்கணும், அவ்வளவுதான் என் கட்சி.


கோபக்காரன்:

தீ அஞ்சு வருஷம் சுவத்துக்குள்ள பதுங்கி இருந்து நேரம் பாத்து எரியாது நண்பா. அப்புறம் கலோனியல நீங்களே இழுத்ததால சொல்றேன், அதுக்கு முன்னாடி வரைக்கும் பைப்லைன் பாதுகாப்புக்கு அங்க இருந்தது எல்லாம் "விருப்பப்பட்டா பின்பற்றவும்" டைப் வழிகாட்டிதான். அடி விழுந்த அப்புறம்தான் கட்டாய உத்தரவு போட்டாங்க. கட்டாயமாக்க வேண்டியது அரசாங்கத்தோட வேலை, அது அத செய்யாம தூங்கினா அதுவும் பொறுப்ப தட்டிக்கழிக்கறதுதான்.


ஃபைல் புரட்டி:

இந்த கடைசி பாயிண்ட்டுக்கு ஒரு கதை இருக்கு, அதுவும் தண்ணி சம்பந்தப்பட்டதுதான், கேள்வி கேட்ட நண்பர் கண்டிப்பா படிக்கணும். நான் வக்கீல் இல்ல, இன்சூரன்ஸ் கிளைம் ஃபைல் பாக்குற வேலை, அதனால இந்த மாதிரி வழக்கு எல்லாம் கண்ணுல படும்.

அமெரிக்கால பொது குடிநீர் அமைப்புகள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல. பெரும்பாலும் உங்கள மாதிரி சின்னது. 2023 மார்ச்ல அவங்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு, மாநிலங்கள் வழக்கமா தண்ணி நிலையங்கள சுகாதார ஆய்வு பண்ணும் இல்ல, அப்ப கூடவே கம்ப்யூட்டர் பாதுகாப்பையும் பாருங்கன்னு. அவ்வளவுதான். உடனே மிசௌரி, ஆர்கன்சா, அயோவா மூணு மாநிலமும் கோர்ட்டுக்கு போச்சு, உங்களுக்கு அந்த அதிகாரம் இல்ல, சின்ன நிறுவனங்கள் தலையில செலவு விழும்னு. தண்ணி நிறுவனங்களோட சங்கங்களும் கூட சேர்ந்துக்கிச்சு. ஜூலைல கோர்ட்டு நிறுத்தி வச்சுது, அக்டோபர்ல முகமை சுற்றறிக்கையையே திரும்ப வாங்கிக்கிச்சு. நவம்பர் 25, பென்சில்வேனியால அலிகிப்பான்னு ஒரு சின்ன ஊர், தண்ணி பிரஷர் ஏத்துற ஸ்டேஷன்ல ஈரான் சார்பு கும்பல் புகுந்துருச்சு. சுற்றறிக்கை இருந்திருந்தா தடுத்திருக்கும்னு நான் சொல்லல, எட்டு மாசத்துல யாரும் எதையும் மாத்தியிருக்கமாட்டாங்க. ஆனா அரசாங்கம் பொறுப்பெடுக்கணும்னு கேக்கறவங்க, அது எடுக்க வரும்போது யாரு மறிச்சாங்கன்னும் பாக்கணும் இல்லையா. "நீங்க பாதுகாக்கணும், ஆனா எங்கள சோதிக்கக்கூடாது, எங்ககிட்ட செலவு கேக்கக்கூடாது" - பெரியவர் சொல்றதோட உள்ளர்த்தமும் கிட்டத்தட்ட இதுதான், கோச்சுக்காதீங்க.

அடுத்தது இன்சூரன்ஸ். இது பெரியவருக்கு சுருக்குனு பிடிக்கும்னு நினைக்கறேன். நாட்பெட்யா 2017 ஜூன்ல உக்ரைன குறிவச்சு, அங்க எல்லாரும் பயன்படுத்தற ஒரு கணக்கு சாஃப்ட்வேரோட அப்டேட் வழியா விட்டது. அது எல்லையெல்லாம் பாக்காம பரவி மெர்க்னு ஒரு மருந்து கம்பெனிய அடிச்சுது. 140 கோடி டாலர் கிளைம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்ன சொன்னாங்கன்னா இது ரஷ்ய ராணுவம் பண்ணது, அதனால போர் நடவடிக்கை, பாலிசில போருக்கு கவர் இல்லன்னாங்க. நியூஜெர்சி கோர்ட்டு ஒத்துக்கல, அந்த ஷரத்து துப்பாக்கி பீரங்கி போருக்கு எழுதினது, இதுக்கு பொருந்தாதுன்னுச்சு, 2023ல அப்பீல்லயும் மெர்க்தான் ஜெயிச்சுது, 2024 ஆரம்பத்துல சமரசமா முடிச்சுக்கிட்டாங்க.

நல்ல செய்தின்னு நினைக்காதீங்க. தோத்த அப்புறம் ஷரத்த மாத்தி எழுதறதுதான் எங்க தொழில். லண்டன் லாயிட்ஸ் சந்தைல 2023 மார்ச் 31க்கு அப்புறம் போடற தனி சைபர் பாலிசிகள்ல, ஒரு நாட்டோட இயக்கத்தையே கணிசமா முடக்கற அளவுக்கு இன்னொரு நாடு பின்னாடி நின்னு அடிச்சா அந்த நஷ்டத்துக்கு கவர் இல்லன்னு தெளிவா எழுதணும்னு உத்தரவு போட்டாச்சு. உங்க பாலிசிய எடுத்து விலக்குகள் பக்கத்துல அரசு ஆதரவு தாக்குதல் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. போர்டு "நாடு அடிச்சா அரசாங்கம் பாத்துக்கும்"ங்குது, இன்சூரன்ஸ்காரன் "நாடு அடிச்சா நான் இல்ல"ங்கறான், அரசாங்கம் "நெட்வொர்க் உன்னோடது"ங்குது. மூணு பேருக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல விழப்போறது உங்க நிறுவனம்தான்.


வால்வு மெக்கானிக்:

ஃபைல் புரட்டி அண்ணே அலிகிப்பா கதைல முக்கியமான ஆள விட்டுட்டீங்க. அங்க உடைஞ்சது என்ன தெரியுமா? யூனிட்ரானிக்ஸ்னு ஒரு இஸ்ரேல் கம்பெனியோட பிஎல்சி, ஸ்கிரீனோட சேர்ந்த சின்ன பொட்டி, மோட்டார ஆன் பண்ணு ஆஃப் பண்ணுன்னு சொல்றது. அது நேரா இன்டர்நெட்ல தெரியற மாதிரி இருந்துச்சு. அந்த பொட்டி ஃபாக்டரில இருந்து வரும்போதே இருக்கற பாஸ்வேர்ட் 1111. நாலு ஒண்ணு. இத போட்டு உள்ள போக ஈரான் புரட்சிப்படை எல்லாம் தேவையே இல்ல, சின்னப்பையன் போதும். ஸ்டேஷன் ஸ்கிரீன்ல "உங்கள ஹேக் பண்ணியாச்சு, இஸ்ரேல்ல செஞ்ச எல்லா கருவியும் எங்க இலக்கு"ன்னு வந்துச்சு. அலாரம் அடிச்சது, ஆளுங்க போயி சிஸ்டத்த நிறுத்திட்டு கையால ஓட்டினாங்க, தண்ணிக்கு ஒண்ணும் ஆகல.

இதுல அரசாங்கமா நிறுவனமான்னு சண்டை போடறீங்களே, 1111ன்னு வச்சு வித்தவன் எங்க? முதல் தடவை ஸ்விட்ச் போட்டதும் பாஸ்வேர்ட மாத்தலன்னா ஓடமாட்டேன்னு ஒரு வரி கோட் எழுதியிருந்தா முடிஞ்சது. 2023 மார்ச்ல அமெரிக்கா வெளியிட்ட தேசிய சைபர் கொள்கையே பாதுகாப்பு சுமைய கடைசில இருக்கற சின்ன ஆளுங்ககிட்ட இருந்து எடுத்து செய்யறவன் தலையில வைக்கணும்னுதான் சொல்லுச்சு. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல இருந்து இந்த மாதிரி பொது பாஸ்வேர்டோட பொருள் விக்கறதே சட்டவிரோதம், ஆனா அது வீட்டு உபயோக சாமானுக்கு மட்டும், கேமராவுக்கு உண்டு, பம்ப ஓட்டற பொட்டிக்கு கிடையாது, என்ன கணக்கோ. ஐரோப்பால 2024ல நிறைவேத்தின சட்டம் தொழிற்சாலை கருவியையும் சேர்த்துதான் புடிக்குது, ஆனா முக்கியமான கடமைகள் எல்லாம் 2027 டிசம்பர்லதான் அமலுக்கு வருது. அதுவரைக்கும் நாலு ஒண்ணு ஜிந்தாபாத்.

இன்னொரு விஷயம், இது கம்ப்யூட்டர்காரங்க யாரும் சொல்லமாட்டாங்க. உக்ரைன்ல 2015 டிசம்பர் 23, கரண்ட் சப்ளை கண்ட்ரோல் ரூம்ல ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கான், மவுஸ் தானா நகருது. இவன் கை வைக்கல. அம்புக்குறி போயி ஒரு பிரேக்கர தொடுது, திறக்கவான்னு கேக்குது, ஆமான்னு அதுவே அமுக்குது, அடுத்த பிரேக்கர், அடுத்தது. இவன் மவுஸ புடிச்சு இழுத்து பாக்கறான், ஒண்ணும் நடக்கல, லாகின்ல இருந்து தூக்கி வெளிய போட்டு பாஸ்வேர்டையும் மாத்திட்டாங்க. மூணு கம்பெனி, ஏறக்குறைய 2,25,000 இணைப்புக்கு கரண்ட் போச்சு. புகார் சொல்ற ஃபோன் லைனையும் போலி கால் விட்டு நிரப்பிட்டாங்க. சப்ஸ்டேஷனுக்கு சிக்னல் கொண்டுபோற கருவிகளோட உள் சாஃப்ட்வேரையே அழிச்சு செங்கல்லாக்கிட்டாங்க, அதனால இங்க இருந்து திரும்ப ஆன் பண்ணவே முடியாது. ஆனா ஒண்ணு முதல் ஆறு மணி நேரத்துக்குள்ள கரண்ட் திரும்ப வந்துருச்சு. எப்படி? வண்டி எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சப்ஸ்டேஷனா போயி கையால பிரேக்கர போட்டாங்க. பழைய சிஸ்டம், கையால போடத் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க. எல்லாத்தையும் தானியங்கி ஆக்கிட்டு கையால ஓட்ட தெரிஞ்ச கடைசி ஆளையும் ரிட்டயர்மென்ட்ல அனுப்பின இடத்துல இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. இதுக்கு அரசாங்கமும் வேணாம் ஃபயர்வாலும் வேணாம், வருஷத்துக்கு ரெண்டு தடவ ஸ்கிரீன அணைச்சிட்டு கையால ஓட்டி பழகணும்.


தண்ணிலைன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. மெக்கானிக் அண்ணே, கையால ஓட்டற விஷயம் நெஜமாவே எங்க யாருக்கும் தோணல, பழைய ஆபரேட்டர் ஒருத்தர் இன்னும் இருக்காரு, அவர வச்சு மத்தவங்களுக்கு சொல்லித்தர வைக்கறேன்.

ஒரு சந்தேகம். போர்டுல இன்னொருத்தர் தனியா வந்து கேட்டாரு, "சரி அரசாங்கம் பொறுப்பு எடுத்துக்கிட்டா நல்லதுதான, அவங்களே வந்து நம்ம சிஸ்டத்த பாத்துக்கட்டுமே"ன்னு. அப்படி எங்கயாவது நடக்குதா? அரசாங்கம் நேரா தனியார் நெட்வொர்க்குக்குள்ள இறங்கி வேலை பாக்குறது?


ராத்திரி ஷிஃப்ட்:

நடந்திருக்கு. 2021 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்ல ஓட்டை, சைனா கும்பல் ஆயிரக்கணக்கான சர்வர்ல வெப் ஷெல் போட்டு வச்சிட்டு போயிருச்சு, அதாவது எப்ப வேணா திரும்ப வர ஒரு பின்கதவு. நிறைய பேர் அத எடுக்கவே இல்ல. ஏப்ரல்ல எஃப்பிஐ கோர்ட்டு அனுமதி வாங்கி, சொந்தக்காரனுக்கு முன்கூட்டி சொல்லாமயே, நூத்துக்கணக்கான தனியார் சர்வர்கள்ல அந்த பின்கதவு வழியாவே உள்ள போயி அத அழிச்சிட்டு, அப்புறமா மெயில் அனுப்பி "உங்க வீட்டுக்கு வந்துட்டு போனோம்"னு தகவல் சொன்னாங்க. கவனிங்க, பின்கதவ மட்டும்தான் அழிச்சாங்க, ஓட்டைய அடைக்கல, பேட்ச் போடறது உன் வேலைன்னுட்டாங்க. வோல்ட் டைஃபூன் ரூட்டர்லயும் அதேதான், கோர்ட்டு உத்தரவோட வைரஸ எடுத்தாங்க, ஆனா சொந்தக்காரன் ரூட்டர அணைச்சு போட்டா அந்த தடுப்பு போயிடும், மறுபடி ஒட்டிக்க வாய்ப்பு உண்டு. பழைய ரூட்டர தூக்கி போடுங்கடான்னு கெஞ்சினாங்க.

ஆஸ்திரேலியால 2021ல சட்டத்தையே திருத்தி, முக்கிய கட்டமைப்பு நிறுவனம் தாக்குதல சமாளிக்க முடியாம இருந்தா கடைசி வழியா அரசு உளவு அமைப்பே உள்ள இறங்கலாம்னு அதிகாரம் குடுத்திருக்காங்க. பெரிய டெக் கம்பெனிகள் எல்லாம் அலறுச்சு, தெரியாத ஆள் வந்து எங்க சிஸ்டத்துல கைவச்சு இன்னும் கெடுத்துருவாங்கன்னு. அந்த பயம் நியாயமானதுதான், உங்க பம்ப் ஸ்டேஷன்ல எந்த வால்வு எத ஓட்டுதுன்னு உளவுத்துறைக்காரனுக்கு என்ன தெரியும்.

அரசாங்கத்துகிட்ட கேட்டு வாங்கவேண்டியது வேற. வெளிய இருந்து தெரியற உங்க இணைய முகவரி, அதான் ஐபி, எல்லாத்தையும் இலவசமா ஸ்கேன் பண்ணி எது திறந்து கிடக்குன்னு வாராவாரம் ரிப்போர்ட் அனுப்பற சேவைய அமெரிக்காவோட சைபர் பாதுகாப்பு முகமை சிசா தண்ணி நிறுவனங்களுக்கு குடுக்குது, பிரிட்டன்ல அவங்க சைபர் பாதுகாப்பு மையம் என்சிஎஸ்சி, உங்க ஐபி எங்கயாவது கெட்ட லிஸ்ட்ல வந்தா முன்கூட்டி சொல்ற சேவை நடத்துது. உங்க நாட்டு சைபர் அமைப்புகிட்ட இந்த மாதிரி என்ன இருக்குன்னு கேட்டு முதல்ல பதிவு பண்ணுங்க. அப்புறம் தகவல் சொல்ற கெடு. இந்தியால சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், ஐரோப்பால என்ஐஎஸ் 2ங்கற சைபர் பாதுகாப்பு சட்டத்துல முதல் எச்சரிக்கை 24 மணி நேரத்துல, முழு அறிவிப்பு 72 மணி நேரத்துல. உங்களுக்கு எது பொருந்துதோ அத எழுதி சுவத்துல ஒட்டுங்க, யாரு ஃபோன் பண்ணுவான்னு பேரோட.


கோபக்காரன்:

இலவச ஸ்கேன் ஓகே. ஆனா நான் இன்னும் ஒத்துக்கல. அரசாங்கத்தால மட்டுமே முடிஞ்ச ஒண்ணு இருக்கு, அடிச்சவன திருப்பி கேக்கறது. அத நாம பண்ணா பல நாட்டுல ஜெயிலு. 2015ல ஐநால 11 விதி ஒத்துக்கிட்டாங்க, உன் மண்ண வச்சு இன்னொருத்தன் நெட்வொர்க்க அடிக்க தெரிஞ்சே விடக்கூடாது, மக்களுக்கு சேவை செய்யற கட்டமைப்ப தொடக்கூடாதுன்னு. எழுதின மை காயறதுக்குள்ள, அதே வருஷ டிசம்பர்லதான் மெக்கானிக் சொன்ன உக்ரைன் கரண்ட் கதை. விருப்பப்பட்டா பின்பற்றவும் டைப் விதிதான் அதுவும். அலிகிப்பாவுக்கு பதிலா ஆறு ஈரான் அதிகாரிங்க மேல பொருளாதார தடை போட்டாங்க, அவங்க அமெரிக்கால என்ன சொத்தா வச்சிருக்கப்போறாங்க. இந்த வேலைய ஒழுங்கா செய்யாத வரைக்கும் பெரியவர் கேக்கற கேள்வி கேள்வியாத்தான் நிக்கும்.


ஃபைல் புரட்டி:

இதுல நான் கோபக்காரன் பக்கம். எஸ்டோனியா 2007ல பேங்க், பத்திரிகை, அரசு தளம் எல்லாம் வாரக்கணக்கா அடிவாங்கினப்பவும் நேட்டோ ராணுவக் கூட்டணியோட கூட்டு பாதுகாப்பு ஷரத்த, ஒருத்தர அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரிங்கறத, யாரும் தொடல. 2014லதான் சைபர் தாக்குதலுக்கும் அது பொருந்தலாம்னு சொன்னாங்க. ஆனா எஸ்டோனியா பண்ண ஒரு வேலை எனக்கு பிடிக்கும், பேங்க்லயும் டெலிகாம்லயும் வேலை பாக்கற ஆளுங்களயே தன்னார்வ படையா சேர்த்து, அடி விழுந்தா இவங்க வந்து உதவற மாதிரி வச்சிருக்காங்க. ரெண்டு பேர் டீமுக்கு அது மாதிரி ஒண்ணு இருந்தா எவ்வளவு தெம்பு.


தண்ணிலைன்:

சரி, மீட்டிங்குக்கு இப்படி போலாம்னு இருக்கேன். பெரியவர் சொல்றது பாதி சரின்னு முதல்லயே ஒத்துக்குவேன், எவன் அடிச்சான்னு கண்டுபிடிக்கறதும் திருப்பி கேக்கறதும் முன்கூட்டி எச்சரிக்கறதும் நம்மளால ஆகாது. அப்புறம் பாலிசியோட விலக்குகள் பக்கத்த பிரிண்ட் எடுத்து அவர் கைல குடுப்பேன், அதப்பத்தி நான் பேசவே போறதில்ல, அவரே படிக்கட்டும். பட்ஜெட்ல ஃபயர்வால அடுத்த வருஷத்துக்கு தள்ளிட்டு நெட்வொர்க் பிரிக்கறதையும் லாகின் சரிபார்ப்பையும் மட்டும் இப்ப கேக்கறேன். சரியா வருமா?


வால்வு மெக்கானிக்:

வரும். மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க, காசே ஆகாது. பம்ப் ஸ்டேஷனுக்கு நேர்ல போயி கண்ட்ரோல் பேனல் கதவ திறந்து பாருங்க, உள்ள சிம் கார்டு போட்ட சின்ன மோடம் ஏதாவது ஒட்டியிருக்கான்னு. மெஷின் வித்தவன் ரிமோட் சப்போர்ட்டுக்குன்னு வச்சிட்டு போயிருப்பான், உங்க நெட்வொர்க் படத்துல அது இருக்கவே இருக்காது.


தண்ணிலைன்:

அண்ணே, பையன அனுப்பி பாத்தேன். மூணு ஸ்டேஷன்ல ரெண்டுல இருக்கு. லைட் மின்னிக்கிட்டு இருக்காம். கழட்டச் சொல்லிரவா?


ராத்திரி ஷிஃப்ட்:

இருங்க இருங்க, இப்ப கழட்டாதீங்க. முதல்ல போட்டோ, மாடல் நம்பர், சிம் நம்பர் எடுக்கச் சொல்லுங்க. மோடத்துல லாகின் லாக், அதாவது யாரு எப்ப உள்ள வந்தாங்கங்கற பதிவு, இருந்தா அத ஒரு காப்பி எடுத்து வைங்க, பவர் போனா பல மாடல்ல லாக் அழிஞ்சிரும். அந்த சிம்முக்கு பில் கட்டறது யாருன்னு அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க, வெண்டர்கிட்ட எழுத்துல கேளுங்க கடைசியா எப்ப யாரு உள்ள வந்தாங்கன்னு. அந்த லாக்க இங்க போடாதீங்க, எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க, ஐபி எல்லாம் மறைச்சிட்டு. ஷிஃப்ட் பத்து மணிக்கு, அதுக்கு முன்னாடி பாத்து சொல்றேன்.